பதினெட்டு டெஸ்ட் ஆடிய ஷேன் பாண்ட்

ரிக்கி பாண்டிங்கை அவுட் ஆக்குவது எப்படி என்று உலகத்தில் பாதி பவுலர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஷார்ட்டாகப் போட்டால் புல் அடிப்பார். கொஞ்சம் ஃபுல்லாகப் போட்டால் பவுலரைத் தாண்டி நேராக டிரைவ் போகும். அந்தப் பாண்டிங்கை ஒருநாள் ஆட்டங்களில் எதிர்கொண்ட முதல் ஆறு முறையும் பெவிலியனுக்கு அனுப்பியவர் ஒருவர் இருந்தார். நியூசிலாந்தின் ஷேன் பாண்ட்.

இப்போது ஐபிஎல் பார்த்து வளர்கிற தம்பிகளிடம் பாண்ட் என்று சொன்னால், மும்பை இந்தியன்ஸ் அணியின் பழைய பவுலிங் கோச்தானே என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த மனுஷன் பந்து போட்டதைப் பார்த்தவனுக்கு அந்த அறிமுகம் போதவே போதாது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

18 டெஸ்ட், 87 விக்கெட். 82 ஒருநாள் ஆட்டம், 147 விக்கெட். 20 டி20, 25 விக்கெட். அவருடைய சர்வதேசக் கணக்கு மொத்தமும் இவ்வளவுதான். 2001 நவம்பரில் ஆரம்பித்து 2010 மே மாதம் முடிந்தது. தேதிகளை மட்டும் பார்த்தால் எட்டரை வருடம். ஆனால் அவர் முதல் டெஸ்டுக்கும் கடைசி டெஸ்டுக்கும் நடுவில் நியூசிலாந்து அறுபதுக்கும் மேல் டெஸ்ட் ஆடியது. அதில் பாண்ட் களத்தில் இருந்தது பதினெட்டில்தான். மீதி நாட்களில் அவர் எங்கே இருந்தார் என்பதுதான் நான் சொல்ல வந்த கதை. "பாவம், காயம்" என்று ஒரே வார்த்தையில் எல்லோரும் கடந்துபோகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த எட்டரை வருடத்தில் ஒரு பெரிய பகுதியை எடுத்துக்கொண்டது அவருடைய முதுகு. இன்னொரு பகுதியை எடுத்துக்கொண்டவை கிரிக்கெட் வாரியங்கள்.

முதலில் அவர் எப்படி வந்தார் என்று சொல்லிவிடுகிறேன். 1975-ல் கிறைஸ்ட்சர்ச்சில் பிறந்தவர். கான்டர்பரி மாகாண அணிக்கு ஆடினார். ஆனால் அடுத்த கட்டத்துக்குப் போகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. கிரிக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டுப் போலீஸ் வேலைக்குப் போனார். பயிற்சி முடித்துச் சீருடை போட்டு வேலை பார்த்த ஆள். பிறகு திரும்பிவந்து பந்து போட்டபோது வேகம் கூடியிருந்தது. ஹோபார்ட்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடும்போது அவருக்கு 26 வயது. வேகப்பந்து வீச்சாளர்களுக்கு அது தாமதம். அந்த வயதில் பல பேர் மூன்று நான்கு வருடம் ஆடி முடித்திருப்பார்கள்.

அந்த டெஸ்ட் தொடரில் அவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்து வந்த விபி முத்தரப்புத் தொடரில் ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று இரண்டு பலமான அணிகளுக்கு நடுவே 21 விக்கெட் எடுத்துத் தொடர் நாயகன் ஆனார். சொந்த மண்ணில் நடந்த தொடரில் ஆஸ்திரேலியா இறுதிப் போட்டிக்கே போகவில்லை. அந்தத் தோல்விக்குப் பிறகு ஸ்டீவ் வாவின் ஒருநாள் கிரிக்கெட்டே முடிவுக்கு வந்தது. ஒரு போலீஸ்காரர் உள்ளே வந்த வேகத்தில் ஆஸ்திரேலியா கேப்டனையே மாற்றவேண்டி வந்தது என்று நான் சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் அந்த ஜனவரியில் பாண்ட் இல்லையென்றால் கதை வேறாக இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அவர் பவுலிங்கைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகமுடியாது. நீளமான, சீரான ஓட்டம். மூச்சுமுட்ட ஓடிவருகிற மாதிரி தெரியாது. க்ரீஸில் ஒரு சின்ன எழும்பல், பந்து கையைவிட்டுப் போனபிறகுதான் அது 145, 150 கிலோமீட்டர் என்று திரையில் வரும். வேகம் இருப்பவர்கள் பலரிடம் ஸ்விங் இருக்காது. ஸ்விங் இருப்பவர்களிடம் வேகம் இருக்காது. பாண்டிடம் இரண்டும் இருந்தது. வலதுகை ஆட்டக்காரருக்கு ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே கிளம்புகிற பந்து, கால் நகர்த்தி மட்டை இறக்கியபிறகு, கடைசி கஜத்தில் உள்ளே வளைந்து பாதத்துக்கு அருகே விழும். அந்த யார்க்கர் பழைய பந்தில் மட்டும் வருவதில்லை, புதுப் பந்திலும் வரும். அதுதான் விசேஷம். வக்கார் யூனிஸைப் பார்த்து வளர்ந்த நமக்கு, உள்ளே வளையும் யார்க்கர் என்றால் நாற்பதாவது ஓவருக்கு மேல்தான். பாண்ட் அதை மூன்றாவது ஓவரிலேயே போடுவார்.

2003 மார்ச் 11, போர்ட் எலிசபெத். உலகக் கோப்பை சூப்பர் சிக்ஸ் ஆட்டம். நம்மூரில் பரீட்சை நேரம். மதியம் ஒன்றரை மணிக்கு ஆட்டம் ஆரம்பம் என்பதால் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே டிவி முன்னால் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் நானும் ஒருவன். லீக் சுற்றில் செஞ்சூரியனில் நம்மை 125 ரன்னுக்குச் சுருட்டியிருந்தது ஆஸ்திரேலியா. யாராவது இவர்களைத் தோற்கடித்தால் போதும் என்பதுதான் அந்த மாதம் முழுக்க நம் எல்லோருடைய வேண்டுதலும்.

பாண்ட் முதல் ஸ்பெல்லில் ஹேடனை எடுத்தார். கில்கிறிஸ்ட்டை எல்பிடபிள்யூ ஆக்கினார். பாண்டிங் ஸ்லிப்பில் பிளெமிங்கிடம் கேட்ச். அன்றைய உலகக் கிரிக்கெட்டின் மிகப் பலமான முதல் மூன்று பேர் ஒரே பவுலரிடம் போய்விட்டார்கள். இரண்டாவது ஸ்பெல்லுக்குத் திரும்பிவந்து மார்ட்டின், ஹாக், ஹார்வி என்று இன்னும் மூன்று பேர். 84 ரன்னுக்கு 7 விக்கெட். 10 ஓவர், 23 ரன், 6 விக்கெட்.

பாண்டின் பத்து ஓவரும் அத்தோடு தீர்ந்துபோனது. பெவனும் பிக்கெலும் நின்றார்கள். பெவன் 56, பிக்கெல் 64. ஸ்கோர் 208-க்குப் போனது. அப்புறம் பிரெட் லீ வந்து 5 விக்கெட் எடுக்க, நியூசிலாந்து 112-க்கு ஆல் அவுட். பிளெமிங் பாண்டுக்கு இரண்டு மூன்று ஓவர் மிச்சம் வைத்திருக்கவேண்டும் என்று பிறகு பல பேர் எழுதினார்கள். நான் பிளெமிங் பக்கம்தான். ஆறு விக்கெட் எடுத்துக்கொண்டிருக்கிற ஆளிடமிருந்து எந்தக் கேப்டன் பந்தைப் பிடுங்குவான்? ஏழு விக்கெட் விழுந்த அணியை முடித்துவைக்க மற்ற நாலு பேரால் முடியவில்லை. அதுதான் நடந்தது. அன்றைய நியூசிலாந்து அணியில் பாண்ட் போடும் ஓவருக்கும் மற்றவர்கள் போடும் ஓவருக்கும் இருந்த இடைவெளி அவ்வளவு.

அந்த வருடம் இலங்கைத் தொடரோடு அவர் முதுகு கைவிட்டது. முதுகெலும்பில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்.

வேகப்பந்து வீச்சாளர்களுக்கு மட்டும் ஏன் இது இத்தனை அடிக்கடி வருகிறது என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். வலதுகை பவுலர் பந்தை விடுகிற கணத்தில் இடதுகால் தரையில் அறைந்து ஊன்றுகிறது. உடல் எடையைப் போல ஐந்து, ஆறு மடங்கு விசை, சில சமயம் அதற்கும் மேல், அந்தக் கால் வழியாக மேலே ஏறுகிறது. அதே கணத்தில் இடுப்பு ஒரு பக்கம் பார்த்திருக்க, தோள் இன்னொரு பக்கமிருந்து முறுக்கிக்கொண்டு வருகிறது. உடல் இடது பக்கம் சாய்கிறது. இவ்வளவும் போய்ச் சேரும் இடம் கீழ்முதுகின் கடைசி இரண்டு மூன்று எலும்புகளின் இடப்பக்கம். அங்கே முள்ளெலும்பின் மேல்மூட்டையும் கீழ்மூட்டையும் இணைக்கிற பாலம் சுண்டுவிரல் கனம்கூட இருக்காது. ஒரே பந்தில் அது உடையாது. கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் வளைத்து வளைத்து நிமிர்த்தினால் எப்படி ஒரு நாள் பட்டென்று விடுமோ, அப்படித்தான் நடக்கிறது. ஓய்வு கொடுத்தால் எலும்பு தானே ஆறும். ஆறுவதற்குள் மறுபடி ஓடவைத்தால் விரிசல் பெரிதாகும்.

பாண்டுக்கு ஓய்வு போதவில்லை. 2004-ல் இங்கிலாந்தில் ஒருநாள் தொடருக்குத் திரும்பிப் பார்த்தார், உடம்பு ஒத்துழைக்கவில்லை. அறுவை சிகிச்சை செய்து டைட்டானியம் கம்பி வைத்து எலும்பைப் பிணைத்தார்கள். முதுகில் கம்பியோடு ஒருவர் மறுபடி 145 கிலோமீட்டரில் பந்து போடுவது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 2003 மே மாதத்துக்கும் 2005 ஆகஸ்ட்டுக்கும் நடுவில் அவர் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. 28 வயது, 29 வயது. ஒரு வேகப்பந்து வீச்சாளரின் உச்சமான பருவம் அப்படியே போனது. இதற்கு யாரையும் குற்றம் சொல்லமுடியாது. அந்தப் பவுலிங் ஆக்‌ஷனில்தான் அந்த வேகம் இருந்தது.

திரும்பி வந்த விதம்தான் என்னைக் கவர்ந்தது. 2005 ஆகஸ்ட்டில் புலவாயோ டெஸ்டில் ஜிம்பாப்வேக்கு எதிராக 10 விக்கெட். சரி, பலவீனமான அணி என்று சொல்வீர்கள். அதே மாதம், அதே ஊரில், முத்தரப்புத் தொடரில் நம் அணி. நியூசிலாந்து அடித்தது 215. கங்குலி தலைமையில் போன இந்திய அணி 44 ரன்னுக்கு 8 விக்கெட். ஜே.பி. யாதவும் இர்ஃபான் பதானும் ஆளுக்கு ஓர் அரைச்சதம் அடித்து 164 வரை இழுத்து மானத்தைக் காப்பாற்றினார்கள். பாண்ட் 9 ஓவரில் 19 ரன் கொடுத்து 6 விக்கெட். நம் ஆட்களுக்கு அன்று அவர் பந்து எங்கே விழுகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று பிடிபடவே இல்லை. இந்திய ரசிகனாக வயிறு எரிந்தது. ஆனால் இரண்டு வருடம் கழித்து வந்த ஒருவர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார் என்ற சந்தோஷமும் கூடவே இருந்தது, மறைக்க மாட்டேன்.

2007 ஜனவரியில் மறுபடி ஹோபார்ட். ஆஸ்திரேலிய இன்னிங்ஸின் கடைசி ஓவரில் கேமரூன் ஒயிட், சைமண்ட்ஸ், பிராக்கன் என்று ஹாட்ரிக். டேனி மோரிசனுக்குப் பிறகு ஒருநாள் ஆட்டத்தில் ஹாட்ரிக் எடுத்த இரண்டாவது நியூசிலாந்துக்காரர். அடுத்து உலகக் கோப்பையில் 13 விக்கெட், அணி அரையிறுதி வரை போனது.

இனி நான் கோபமாக எழுதப்போகும் பகுதி.

ஐசிஎல் ஞாபகம் இருக்கிறதா? ஐபிஎல்லுக்கு முன்னால் ஜீ குழுமம் ஆரம்பித்த லீக். நம் ஹேமங் பதானி ஆடிய சென்னை சூப்பர் ஸ்டார்ஸ் அதன் முதல் கோப்பையை ஜெயித்தது. பிசிசிஐக்கு அந்த லீக் பிடிக்கவில்லை. அதில் ஆடுகிறவர்களுக்கு எல்லாக் கதவையும் அடைத்தது, மற்ற நாட்டு வாரியங்களையும் அடைக்க வைத்தது. பாண்ட் அதில் டெல்லி ஜெயண்ட்ஸ் அணிக்குக் கையெழுத்துப் போட்டார். வயது 32, முதுகில் கம்பி, குடும்பம் இருக்கிறது, இன்னும் எத்தனை நாள் ஓடமுடியும் என்று அவருக்கே தெரியாது. நாலு காசு சேர்க்க நினைத்ததில் என்ன தப்பு? நியூசிலாந்து வாரியம் ஆரம்பத்தில் அதற்குத் தடை சொல்லவில்லை. பிறகு நெருக்கடி வந்ததும், ஒப்பந்தத்தை முறித்துக்கொள் என்றது. போட்ட கையெழுத்தை முறிக்க அவர் தயாராக இல்லை. 2008 ஜனவரியில் வாரியம் அவரைக் கைகழுவியது.

நாட்டின் தலைசிறந்த பவுலர். காயம் இல்லை, தடை செய்யப்பட்ட மருந்து இல்லை, ஒழுங்கீனம் இல்லை. வேறொரு லீக்கில் ஆடுகிறார் என்பதற்காக ஒன்றரை வருடம் வெளியே. அந்த 2008-ல் இங்கிலாந்திடம் நியூசிலாந்து உள்ளூரிலும் தோற்றது, அங்கே போயும் தோற்றது. 2009-ல் தோனியின் அணி 41 வருடத்துக்குப் பிறகு நியூசிலாந்தில் டெஸ்ட் தொடரை வென்றதே, ஹாமில்டனில் சச்சின் 160 அடித்தாரே, அந்தத் தொடரிலும் எதிரே பாண்ட் இல்லை. நம் வெற்றியைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. நேப்பியரில் கம்பீர் நின்ற நிலையை யாராலும் குறைக்கமுடியாது. ஆனால் பாண்டின் புதுப் பந்தைச் சேவாக்கும் கம்பீரும் ஹாமில்டனில் எதிர்கொள்வதைப் பார்க்கும் வாய்ப்பை நமக்கு இல்லாமல் ஆக்கியவர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். அந்த இழப்பை முதுகின் தலையில் கட்டுவது நியாயம் இல்லை.

2009 நடுவில் ஐசிஎல்லை விட்டு வெளியே வந்தார். மறுபடி தேசிய அணி. நவம்பரில் டனிடனில் பாகிஸ்தானுக்கு எதிராக டெஸ்ட், இரண்டு வருடத்துக்குப் பிறகு. வயது 34. முதல் இன்னிங்ஸில் 107 ரன்னுக்கு 5 விக்கெட். அறிமுக ஆட்டத்திலேயே உமர் அக்மல் 129 அடித்து மிரட்டிய டெஸ்ட் அது. கடைசி நாளில் பாகிஸ்தானுக்கு 251 தேவை, அக்மல் மறுபடி 75 அடித்தார். பாண்ட் 46 ரன்னுக்கு 3 விக்கெட். நியூசிலாந்து 32 ரன்னில் ஜெயித்தது. எட்டு விக்கெட், ஆட்ட நாயகன் விருது. அந்த ஆட்டத்திலேயே வயிற்றுத் தசை கிழிந்திருந்தது. அடுத்த மாதம் டெஸ்டிலிருந்து ஓய்வு அறிவித்தார். ஆக, அதுவே கடைசி டெஸ்ட். 2010 மே மாதம் டி20 உலகக் கோப்பை முடிந்ததும் எல்லாவற்றுக்கும் முற்றுப்புள்ளி.

எண்களைப் பற்றியும் நேர்மையாகப் பேசிவிடலாம். டெஸ்ட் சராசரி 22.09. ரிச்சர்ட் ஹாட்லியின் சராசரி 22.29. ஒரு விக்கெட்டுக்கு 38.7 பந்து. டேல் ஸ்டெயினுக்கே 42-க்கு மேல் தேவைப்பட்டது. ஆனால் 86 டெஸ்ட் ஆடிய ஹாட்லியோடு பாண்டைச் சமமாக நிறுத்த நான் துணியமாட்டேன். பாண்டின் கணக்கில் ஜிம்பாப்வே விக்கெட்டுகள் கணிசம். ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட் ஆடியது அந்த முதல் தொடர் மட்டும்தான், அதில் அவர் சோபிக்கவில்லை. நீண்ட காலம் ஆடுவதும் ஒரு திறமை, அதை ஹாட்லி நிரூபித்தார்.

ஒருநாள் ஆட்டத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 17 ஆட்டங்களில் 44 விக்கெட். சராசரி 16-க்குள். எந்த ஆஸ்திரேலியா? உலகக் கோப்பைகளை வரிசையாக அள்ளிக்கொண்டிருந்த ஹேடன், கில்கிறிஸ்ட், பாண்டிங், சைமண்ட்ஸ் காலத்து ஆஸ்திரேலியா. அவர்கள் முன்னால் மற்ற அணிகளின் பவுலர்கள் ஓவருக்கு ஆறு ரன்னில் தப்பித்தால் போதும் என்று இருந்தார்கள். அந்த அணியை இப்படி நொறுக்கிய இன்னொரு வேகப்பந்து வீச்சாளரை நான் பார்க்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு 2012-ல் நியூசிலாந்தின் பவுலிங் கோச் ஆனார். சவுதியும் போல்ட்டும் அவர் கையில் வளர்ந்து நின்ற வருடங்கள் அவை. 2015 உலகக் கோப்பையில் வெலிங்டனில் இங்கிலாந்தை 123-க்குச் சுருட்டியபோது டிம் சவுதி 33 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். உள்ளே வளைந்து ஸ்டம்பைப் பெயர்க்கிற அதே மாதிரிப் பந்துகள். பாண்டின் 6-19 நியூசிலாந்தின் ஒருநாள் சாதனையாகப் பத்து வருடம் இருந்தது. அன்று அது உடைந்தபோது அவர் அணியின் டிரெஸ்ஸிங் ரூமில்தான் இருந்தார்.

அதற்குப் பிறகு மும்பை இந்தியன்ஸ். அங்கே பும்ரா. 2022-ல் பும்ராவின் முதுகு போனது, 2023-ல் கிறைஸ்ட்சர்ச்சில் அறுவை சிகிச்சை நடந்தது, பாண்டின் சொந்த ஊரில். 2025 தொடக்கத்தில் சிட்னியில் பும்ரா மறுபடி முதுகைப் பிடித்துக்கொண்டு வெளியேறியபோது, பாண்ட் வெளிப்படையாகவே எச்சரித்தார்: அதே இடத்தில் இன்னொரு முறிவு வந்தால் அதோடு முடிந்துபோகலாம், தொடர்ந்து இரண்டு டெஸ்டுக்கு மேல் அவரை ஓட்டாதீர்கள் என்று. ஒருமுறை அறுவை சிகிச்சை செய்த இடத்தில் மறுபடி செய்வது எளிதல்ல என்பது தன் முதுகிலேயே கம்பியைச் சுமந்த ஆளுக்குத் தெரியாதா?

அந்தக் கோடையில் இங்கிலாந்துத் தொடரில் பும்ரா ஐந்தில் மூன்று டெஸ்ட்தான் ஆடினார். எட்ஜ்பாஸ்டனில் இல்லை, ஓவலில் இல்லை. "நாட்டுக்காக ஆடும்போது என்ன ஓய்வு வேண்டியிருக்கிறது" என்று நம் ஆட்கள் எத்தனை பேர் திட்டித் தீர்த்தார்கள், நீங்களும் படித்திருப்பீர்கள். ஓவல் டெஸ்ட் நடந்த ஐந்து நாளும் என் நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் இதே சண்டைதான். ஒவ்வொரு முறையும் நான் அனுப்பியது புலவாயோ ஸ்கோர்கார்டையும், அதற்கு முந்தைய இரண்டேகால் வருடத்தில் பாண்ட் ஆடிய டெஸ்ட் எண்ணிக்கையையும்தான். பும்ரா இனி வருடத்துக்கு ஆறே டெஸ்ட் ஆடினாலும் எனக்குச் சம்மதம். அந்த ஆறையும் விடாமல் பார்ப்பேன்.